போர்டில் வந்தால் உத்தரவு

"ஏனுங்க தினா சார், கேட் போர்டுல சீட்டாட்டம் ஓடுதுங்க. இப்பத்தான் கிளாவர் ராஜா எறங்குனாரு" என்று வாட்ச்மேன் ஆறுக்குட்டி போனில் சொன்னதும் தினகரன் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

தேவர்சோலைப் பக்கத்து டீ ஃபேக்டரி ஒன்றில் அவன்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கிராபிக்ஸ் கார்டு. ஒன்று மேனேஜர் பாண்டியராஜின் அறைத் திரைக்கு. இன்னொன்று கேட்டில் தொங்கும் போர்டுத் திரைக்கு. இலை எடை, ஷிப்ட், லீவு எல்லாம் போர்டில்தான் வரும். வந்துவிட்டால் அது உத்தரவு. யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. காலையில் நல்ல பிள்ளையாகக் கம்ப்யூட்டரை அப்டேட் செய்ததில் இரண்டு திரையும் இடம் மாறி, மேனேஜர் ஆடும் சீட்டு கேட்டுக்குப் போய்விட்டது.

நல்ல பிள்ளையானதற்குக் காரணம் உண்டு. ஞாயிறன்று கோத்தகிரியில் அவனுக்கும் சுகந்திக்கும் நிச்சயதார்த்தம். லீவு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. "இந்தத் தடவையும் வரலீன்னா மோதிரத்த உங்க கம்ப்யூட்டருக்கே போட்டுருங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

மேனேஜரோ, "மூணு மணிக்கு முதலாளி வர்றாரு. ரெண்டு ஸ்கிரீனும் ஒழுங்கா இருக்கட்டும், லீவைப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றிருந்தார்.

தினகரன் ரீஸ்டார்ட் செய்தான். சரியானது. கரண்ட் போய் வந்தது. கிளாவர் ராஜா மறுபடி கேட்டுக்கு வந்துவிட்டார். பின்பக்கம் போய்க் கேபிள்களை மாற்றிச் செருகினான். அதுவும் அடுத்த கரண்ட் கட் வரைதான்.

கோவையில் இருக்கும் நண்பன் ஜெனிஸைப் போனில் பிடித்தான்.

"உள்ள கெர்னல்னு ஒருத்தன் இருக்கான். எந்த கார்டு முதல்ல எந்திரிக்குதோ அதுக்குப் பூஜ்யம், அடுத்ததுக்கு ஒண்ணுன்னு நம்பர் போடுவான். அவனுக்கு மேனேஜரும் தெரியாது, கேட்டும் தெரியாது."

"எங்க பெரட்டு மாதிரியா?" எஸ்டேட்டில் காலையில் ஆள் எண்ணுவதைச் சொன்னான் தினகரன்.

"அதேதான். நம்பரை நம்பாத. எந்த ஸ்லாட்ல எந்த கார்டு இருக்குன்னு பாத்து ஒரு விதி எழுதி வச்சிரு."

எழுதினான். கேபிள்களை மாற்றிச் செருகியிருந்தது நினைவில் இல்லை. ஆகவே அதன் பிறகு எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் தவறாமல் தப்பாகவே வந்தது.

"தினகரா, என் ஸ்கிரீன்ல இலை எடை ஓடுதுப்பா!" மேனேஜர் கத்தினார்.

பதற்றத்தில், இரண்டு திரையிலும் மேனேஜருடைய வேலையே தெரியும்படி செய்துவிட்டான். அவர் அடங்கினார். கேட் திரை சின்னது. மேல்பகுதி வெட்டுப்பட்டு மீதிதான் தெரியும். சீட்டு விளையாடாதவரை பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டான்.

சற்று நேரத்தில் மேனேஜர் குரல் குழைந்தது. "தினகரா, இந்த லீவு ஃபாரம் எதுக்குள்ளப்பா இருக்கு?"

தினகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வழி சொல்லிவிட்டு, சுகந்திக்கு 'லீவு கிடைச்சாச்சு' என்று மெசேஜும் அனுப்பினான்.

சந்தோஷத்தில் மூளை வேலை செய்தது. கேபிள் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு திரையும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. நன்றி சொல்ல மேனேஜர் அறைக்கு ஓடினான்.

திரையில் அந்த ஃபாரம் இருந்தது. மேலே பெயர்: பாண்டியராஜ். கீழே, இன்று பிற்பகல் முதல் திங்கள் வரை லீவு.

"முதலாளி போனதும் கெளம்பறேன்" என்றார் மேனேஜர். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போக முடியாதேப்பா."

தொங்கிய முகத்தோடு தினகரன் வெளியே வந்தான். இலை உருட்டும் ரோலர் சத்தம் இல்லை. வேனில் வந்த பச்சை இலை இறக்கப்படாமல் அப்படியே கிடந்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே முதலாளியின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியைக் கொடுக்க வந்த ஆறுக்குட்டி அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"திங்கக்கெழம வரைக்கும் லீவுன்னு போர்டுல போட்டதுமே அல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டாங்க... ஏனுங்க சார், உங்களுக்கு மட்டும் லீவு இல்லீங்களா?"