கத்தரிப்பூக் குடைக்காரர்

யுத்த காலத்துக் கொழும்பில், ஊர் முழுவதும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே தமிழர், கத்தரிப்பூ என்று பேர் எடுத்த ஒரு மனிதர்தான். இதை நான் எந்த விசாரணையிலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். மற்ற நாங்கள் எல்லோரும் யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதில் பட்டம் பெற்றவர்கள். பஸ்ஸில் தமிழில் இருமக்கூட மாட்டோம். பெண்கள் பொட்டைக் கைப்பையில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்து ஒட்டிக்கொள்வார்கள். அரச திணைக்களம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருந்த நான், வெள்ளைச் சேட்டும் சாம்பல் காற்சட்டையும் கறுப்புக் குடையுமாக வெள்ளவத்தைச் சுவர்களோடு சுவராக நடந்து திரிந்தேன். சுவர்கூட என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் லொட்ஜுக்கு அவர் வந்து சேர்ந்தார். கத்தரிப்பூ நிறச் சேட், முகம் துடைக்க அதே நிறத்தில் கைலேஞ்சி, அதே நிறத்தில் குடை. அந்த நிறத்தில் குடை கொழும்பில் விற்பனைக்கு இல்லை. மருதானையில் குடை திருத்துகிறவர் ஒருவரைப் பிடித்து, ஒரு சேலையை வெட்டிக் கம்பியில் தைத்து வாங்கியிருந்தார். மழைக்கு அது அவ்வளவாக உதவாது. மழைக்காக அவர் அதைப் பிடிக்கவும் இல்லை.

லொட்ஜ் என்றால் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய வீடு. அறைக்கு ஒரு ஆள், எல்லோருக்கும் ஒரு குளியலறை. சொந்தக்காரர் வேறு இடத்தில் இருந்தார். வாடகைக்கு மட்டும் தோன்றுவார். என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தில் மூடிய பாதை திறந்தால் வருவார்கள். பாதை திறக்கவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கதை என்பதால் யாரும் யாருடனும் அதைக் கதைப்பதில்லை.

ஒருநாள் காலையில் வாளியோடு குளியலறை வரிசையில் நின்றபோது அவர் என் கையில் ஒரு விசிட்டிங் காட்டைத் திணித்தார்.

“பாத்ரூம் வாசலில ஏன் ஐசே காட்?” என்றேன்.

“இங்கதான் அண்ணை ஆக்களுக்கு வாசிக்க நேரம் இருக்கு.”

கத்தரிப்பூ நிறக் காட். மூலையில் சின்னக் குடை. நடுவில் மூன்று மொழியிலும் ‘கத்தரிப்பூ – ஆர்ட்டிஸ்ட்’. கீழே, ‘சந்திப் பேக்கரியில் விசாரிக்கவும்.’ அவ்வளவுதான். பெயர் இல்லை, முகவரி இல்லை. என் திணைக்களத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால், ‘விபரம் பூரணமற்றது’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“உம்மட பேர் எங்க?”

“பேர் எதுக்கண்ணை? என்ர பேரில இந்த ஒழுங்கையிலயே கனபேர். ஒருத்தனுக்குக் கடிதம் வந்தா எல்லாரும் உடைச்சுப் படிக்கிறம். நல்லாக் கீறுறவன் ஊர் முழுக்க இருக்கிறான். ஞாபகத்தில நிக்கிறவனுக்குத்தான் வேலை.”

கடைப் பலகை, கலியாணக் காட், நாடகத்துக்குப் பின்சீலை, மரண அறிவித்தல் பதாகை என்று எது கேட்டாலும் செய்வார். ஒரு கம்பெனியிலும் சேரமாட்டார். செய்த வேலை எல்லாவற்றிலும் குடை இருக்கும். வெள்ளவத்தைக் கலியாணம் ஒன்றில் மணவறைக்குப் பின்னால் அன்னங்களும் தாமரையுமாக அருமையான சீலை கீறிக் கொடுத்தார். படங்கள் கழுவி வந்த பிறகுதான் பெண் வீட்டார் கவனித்தார்கள்: ஒவ்வொரு படத்திலும் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு கத்தரிப்பூக் குடை. தாலி கட்டும்போதும் குடை. ஆசீர்வாதத்திலும் குடை. பெண்ணின் தகப்பன் லொட்ஜுக்கு வந்து சத்தம் போட்டார். கத்தரிப்பூ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளையை எல்லாருக்கும் தெரியும் ஐயா. என்னை ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டு, அவருக்கும் ஒரு காட் கொடுத்தார்.

கொட்டாஞ்சேனையில் நடந்தது இதைவிட மோசம். திரேசம்மா என்ற பெண்ணின் கணவர், துறைமுகத்தில் வேலை செய்தவர், காலமானார். வீட்டு வாசலில் கட்டுவதற்குப் பதாகை எழுதியது கத்தரிப்பூ. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் குடை. இரண்டும் ஒரே அளவு. செத்த வீட்டுக்கு அவரும் கத்தரிப்பூச் சேட்டில் போய் முன்வரிசையில் நின்றார். திரேசம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பதாகையை அண்ணாந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, செத்தது யாரு? எங்க வீட்டுக்காரரா, இல்ல குடைக் கம்பெனியா?”

“அக்கா, அது என்ர அடையாளம்.”

“அவரோட அடையாளம் அந்தா பெட்டிக்குள்ள இருக்குது. ஏறி அழிங்க!”

ஏணி வைத்து ஏறி அழித்தார். அழித்த இடத்தில் நிறம் கலங்கிப் பெரிதாகப் படர்ந்து, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிலுவை தெரியாமல் கத்தரிப்பூ மட்டுமே தெரிந்தது. திரேசம்மா அந்த அழுகையிலும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யார் போனாலும் பதாகை அவரிடம்தான். முகத்துவாரம் வரைக்கும் அவர் புகழ் சாவு வீடுகள் வழியாகவே பரவியது.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் நாங்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இவர் அடையாள அட்டைக்கு மேலே விசிட்டிங் காட்டை வைத்து நீட்டுவார். ஒரு சிப்பாயின் முகத்தைக் காட்டின் பின்பக்கத்தில் கீறிக்கொடுத்தார். பஸ் முழுவதும் வெயிலில் காத்து நின்றது. அடுத்த வாரம் அதே சாவடியில், “ஆ, ஆர்ட்டிஸ்ட்! யன்ன யன்ன!” என்று கையசைத்து அனுப்பினார்கள். அரச உத்தியோகத்தன் என்பதற்கு அத்தாட்சி வைத்திருந்த எனக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டைக் கிளறிப் பார்த்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் கடற்கரைத் தண்டவாளத்தில் இருந்தபோது சொன்னேன்: “ஐசே, காலம் தெரியாமல் இப்பிடி மினுக்கித் திரியிறீர். ஒருநாளைக்கு உம்மைத்தான் முதலில் தூக்குவாங்கள்.”

அவர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னை முந்தியே தூக்கினவங்கள் அண்ணை. தெமட்டகொடையில அறை எடுத்திருந்த காலம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கள், எழும்பினன். அவங்கள் தேடினது வேற ஆள், அதே பேர். என்னைத் தெரியும் எண்டு ஒரு ஆள் வந்து சொன்னா விட்டிருப்பாங்கள். ஒரு குஞ்சும் வரேல்லை. மழை தொடங்கி மழை முடியுமட்டும் உள்ளுக்க இருந்தன். பக்கத்து அறைக்காரனைப் பிறகு கண்டன். ‘அட, நீர் எங்கயும் போனீரோ?’ எண்டு கேட்டான்.”

ரயில் ஒன்று வந்தது. எழும்பி விலகி நின்றோம். அது போன பிறகு அவர் சொன்னார்: “இது வேலை பிடிக்கிறதுக்கு மட்டும் இல்லையண்ணை. நான் ஒருநாள் இல்லாட்டி, ‘எங்க அந்தக் கத்தரிப்பூ?’ எண்டு ஆராவது கேக்கவேணும். அவ்வளவுதான்.”

அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்தது. ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, லொட்ஜில் இருந்த எல்லோரையும் படுக்கையிலிருந்து எழுப்பி ஏற்றிப் போய், ஒரு பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில் வரிசையாக இருத்தினார்கள். எந்த நிலையம் என்பது இங்கே அவசியமில்லை. நான் பதறவில்லை. நடைமுறை எனக்குத் தெரியும்: லொட்ஜில் தங்குகிறவர்களின் பொலிஸ் பதிவு ஒழுங்காக இருந்தது, வெளியிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்து உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த ஆளிடம் இதை விளக்கத் தொடங்கினேன். சாரமும் வெள்ளைப் பெனியனுமாக ஒரு மெலிந்த மனிதர். நான் பாதி விளக்கி முடித்த பிறகே அது கத்தரிப்பூ என்று கண்டுகொண்டேன்.

வெயில் ஏறியபோது வாசலில் சத்தம் கேட்டது. சந்திப் பேக்கரி முதலாளி வந்திருந்தார். காலைத் தேநீருக்குக் கத்தரிப்பூச் சேட் வரவில்லை என்பதால் தேடிப் புறப்பட்டவர். அவர் பின்னால் கறுப்புச் சேலையில் திரேசம்மா. கணவரின் நினைவுப் பூசைக்குக் காட் எடுக்க வந்தவர், லொட்ஜ் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்துப் பேக்கரியில் விசாரித்திருக்கிறார். காட்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

“வம்பட்டு மாத்தயா கோ?” என்று முதலாளி பொலிஸ் அதிகாரியிடம் கேட்டார். சிங்களத்தில் வம்பட்டு என்றால் கத்தரிக்காய். கத்தரிக்காய் ஐயா எங்கே என்கிறார்.

அதிகாரி, இது பொலிஸ், சந்தை அடுத்த தெருவில் என்றார்.

“இல்லீங்க சேர், கத்தரிப்பூ!” என்று திரேசம்மா தமிழில் உதவிக்கு வந்தார். “கத்தரிப்பூச் சட்டை! குடை!”

பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் தெரியாது. ஊர் முழுவதும் தன்னை அறிய வேண்டும் என்று பாடுபட்ட மனிதர், அறிய வேண்டிய அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

லொட்ஜின் பதிவுப் படிவத்தை எழுதிக் கொடுத்தவன் நான். எழும்பி, அனுமதி கேட்டு, அவருடைய பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, உங்கள் சொந்தத்திலேயே ஒருவருக்கு அந்தப் பெயர் இருக்கும். அதிகாரி அதை உரக்கக் கூப்பிட்டார். முற்றத்தில் நாலைந்து பேர் எழும்பினார்கள். அவர்களில் கத்தரிப்பூ இல்லை. என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழும்பும் ஐசே! உம்மைத்தான் தேடி வந்திருக்கினம்.”

“அந்தப் பேருக்கு ஒருக்கா எழும்பினனான் அண்ணை.”

அதிகாரி நல்ல மனநிலையில் இருந்தார்போலும், இருவரையும் வரிசைக்குள் வந்து ஆளைக் காட்டச் சொன்னார். முதலாளி எங்களைத் தாண்டிப் போனார். திரேசம்மா வந்தபோது கத்தரிப்பூ தலையை நிமிர்த்தி, “அக்கா, நான்தான்” என்றார்.

திரேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரு தம்பி? அவரு நல்ல உயரமான ஆளு.”

பிழை அவரிலும் இல்லை. சேட்டைப் பார்த்த கண்கள் ஒருநாளும் அதற்கு மேலே போனதில்லை. கத்தரிப்பூவின் முகத்தில் அப்போது தெரிந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர் கட்டி எழுப்பியது முழுவதும் லொட்ஜில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த விடயத்துக்கு நான் அறிந்த நடைமுறை எதுவும் இல்லை. “முதலாளி! குடே கேன்ன!” என்று கத்தினேன். குடையைக் கொண்டுவரச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு பொது இடத்தில் நான் கத்தியது அந்த ஒருமுறைதான்.

முதலாளி த்ரீவீலில் போய்க் குடையோடு வந்தார். உச்சி வெயிலில், அத்தனை சாரங்களுக்கும் பெனியன்களுக்கும் நடுவில், அதை விரித்தார்.

கத்தரிப்பூ எழும்பினார்.

“ஐயோ, இவருதான்! இவரேதான்!” என்று திரேசம்மா நெஞ்சில் சிலுவை போட்டார். குடைக்குக் கீழே நின்றபோது அவர் உண்மையிலேயே உயரமாகத்தான் தெரிந்தார். அதிகாரி சிரித்துவிட்டார். ஒப்பம் வாங்கிக்கொண்டு அவரைப் போகவிட்டார்கள்.

கத்தரிப்பூ வாசலில் திரும்பி என்னைக் காட்டி முதலாளியிடம் ஏதோ சொன்னார். முதலாளி வந்து என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஆண்டுக்கணக்காகத் தினமும் அவரிடம் பாண் வாங்குகிறவன் நான். அவர் மனவருத்தத்தோடு தலையை ஆட்டினார். “தெரியல்ல மாத்தயா.” பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

திங்கட்கிழமை கந்தோர் திறந்து, என் திணைக்களத்திலிருந்து தொலைபேசி வந்த பிறகே என்னை விட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. வெளியே வந்தபோது எதிர்ப்புறத்தில் கத்தரிப்பூக் குடை நின்றது. எப்போதிருந்து நின்றது என்று நான் கேட்கவில்லை. மீன் வைத்துச் சுட்ட மாலுபணிஸ் ஒன்றைக் கையில் தந்தார். அது ஆறிக் கல்லாகியிருந்தது.

“அண்ணை, உங்களுக்கும் ஒரு கலர் வேணும்.”

“விசர்க்கதை கதையாதையும்,” என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாடு போகிறவர்கள் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒரு காலையில் அறை திறந்து கிடந்தது. என் கதவுக் கொண்டியில் குடை தொங்கியது. கையளிப்புக் குறிப்பு எதுவும் இல்லை.

அதைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவைத்தேன். ஒருநாள் என் கறுப்புக் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். மழை. வேறு வழியில்லாமல் அதை விரித்துக்கொண்டு பாண் வாங்கப் போனேன். முதலாளி முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினார். கிட்டப் போன பிறகு கையை மெதுவாக இறக்கினார். “அவர் எங்க?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.  பாணைச் சுற்றித் தந்தபோது, “நனையாம போங்க மாத்தயா” என்றார். ஆண்டுக்கணக்கில் அவர் என்மேல் அக்கறையாகச் சொன்ன முதல் வார்த்தை அது. வேறு கறுப்புக் குடை வாங்குவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சில நாட்கள் அறையை விட்டு இறங்கவில்லை. ஒரு பின்னேரம் கீழே வாசலில் முதலாளியின் குரல், லொட்ஜ் முழுவதும் கேட்க:

“வம்பட்டு மாத்தயா கோ?”

எனக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அரசாங்கப் பதிவுகளில் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. ஆனாலும் எழும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“இங்கதான் இருக்கிறன்,” என்றேன். எங்கோ ஒரு குளிர்நாட்டில் அந்த மெலிந்த மனிதரைத் தேடியும் இப்படி யாராவது வாசலுக்கு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.