மீன ராசிக்காரியின் ஆட்சேபணை

அரசாங்கம் ஒரு சங்கதியைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டுவிட்டால் அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் தெரியாமல் இருப்பவர்கள் சட்டத்தை மீறித் தெரியாமல் இருக்கிறார்கள். எந்த விளம்பரம் எந்தப் பத்திரிகைக்கு என்று தராசு பிடித்துப் பங்கு போடுவதற்காகவே தலைநகரில் ‘மாநில விளம்பரப் பங்கீட்டு முகமை’ என்று நான்கு மாடியில் ஓர் ஆபீஸ் இருக்கிறது.

நான் தனசேகரன். கொல்லிமலையில் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். இப்போது ஆசிரியர், வெளியீட்டாளர், உரிமையாளர் ஆகிய மூன்று பதவிகளையும் சேர்த்து வகிக்கிறேன். அது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன், சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே பெருமாயி அக்காவுக்கு ஒரு ஏக்கர் இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, நாலு பலா, ஓரத்தில் கொஞ்சம் சாமை. புருஷன் போன பிறகு அந்த ஒரு ஏக்கர்தான் அக்காவுக்குச் சோறு போட்டது. ஒரு நாள் சர்வேயர் வந்து அதில் நாலு மூலையிலும் கல் நட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்தார். செல்பி மேடை வருகிறதாம். இதய வடிவத்தில் ஒரு வளைவு, அதில் ‘ஐ லவ் கொல்லிமலை’ என்று விளக்கு எழுத்து, பக்கத்தில் கார் நிறுத்த இடம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் மலையைப் பார்க்க வரவில்லை, மலை தங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வல்லுநர் குழு மூன்று வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது.

“ஏனுங்க, என்னைய ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா?” என்றார் அக்கா.

“கேட்டாச்சும்மா. நாப்பது நாளைக்கு முன்னாடி ‘தினப்பேரிகை’யில விளம்பரம் வந்துச்சு. முப்பது நாள் கெடு. நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப சம்மதம்தானே?”

மலையில் ஒருத்தரும் அந்தப் பேரிகைச் சத்தத்தைக் கேட்டதில்லை. அக்கா விடவில்லை. பஸ் பிடித்துக் கீழே போய் மனு கொடுத்தார். அந்த மனு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கடைசியில் முகமையைப் போய்ச் சேர்ந்தது. ‘தினப்பேரிகை’ மலையில் மெய்யாகவே விநியோகமாகிறதா என்று பார்த்துவர ரமேஷ்குமார் என்கிற உதவி இயக்குநர் நேரில் புறப்பட்டு வந்தார். வளைவுகளில் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே என் கடையில் வந்து விழுந்தவர், கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். திறந்ததும் அவர் கண்ணில் பட்டது, போண்டா மடிக்க நான் அடுக்கி வைத்திருந்த பேப்பர் கட்டு. கயிறுகூடப் பிரிக்காத புத்தம் புது ‘தினப்பேரிகை’.

“இது ஏதுங்க?”

“பழைய பேப்பர் யாவாரிகிட்ட கிலோக் கணக்குல வாங்கறதுங்க. அச்சடிச்ச கையோட அவருகிட்டத்தான் வந்துருதாமுங்க.”

அவர் முகம் தெளிந்தது. நோட்டை எடுத்தார். “ஒரு நாளைக்கு எத்தனை போண்டா போவுது?”

“முந்நூறு போவுமுங்க. சனி ஞாயிறுன்னா ஐந்நூறு.”

“ஒரு போண்டாவுக்கு ஒரு தாளா?”

“கட்டுப்படியாவுமுங்களா? கால் தாள்தானுங்க.”

“பரவாயில்ல. பெரிய பெரிய பத்திரிகையெல்லாம் வாசப்படியிலயே கிடக்குது. இது நேரா வாசகர் கைக்குப் போவுது. சூடா போவுது.” அவர் எழுதிக்கொண்டார்: ‘நாள் ஒன்றுக்கு ஐந்நூறு வாசகர்கள்.’

இதற்குள் பெருமாயி அக்காவுக்கு ஆள் போய், அவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். விசாரணை என் கடை பெஞ்சிலேயே தொடங்கியது.

“விளம்பரம் வந்த மாசம் இந்தக் கடையில போண்டா சாப்பிட்டீங்களாம்மா?”

“சாப்புட்டனுங்க.”

“அப்ப அறிவிப்பு உங்க கைக்கு வந்துருச்சு.”

“நானும் வாசிக்கத் தெரிஞ்சவதானுங்க சாமி. எனக்கு வந்த தாளுல ராசிபலன்தான் இருந்துச்சு. அதுவும் கும்பம் வரைக்குந்தான்.”

“உங்களுக்கு என்ன ராசி?”

“மீனமுங்க.”

“பாருங்க, அடுத்த போண்டா வாங்கியிருந்தா மீனமும் தெரிஞ்சிருக்கும், நிலம் போறதும் தெரிஞ்சிருக்கும். ஒரு போண்டாவோட நிறுத்திக்கிட்டது உங்க விருப்பம். அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்?”

ஆனால் ரமேஷ்குமார் கல் நெஞ்சக்காரர் இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டி, மலைப்பகுதி என்றால் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வரவேண்டும் என்று ஒரு வரியைக் கண்டுபிடித்தார். மலையிலோ உள்ளூர்ப் பத்திரிகை கிடையாது. ஆகவே முதலில் பத்திரிகை பிறக்க வேண்டும், அதில் விளம்பரம் வரவேண்டும், அப்புறம் கருத்துக்கேட்புக் கூட்டம். மூன்று மாதம் அவகாசம். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஊரே வந்து எனக்காவச் சொல்லோணும் தம்பி,” என்றார் என்னிடம்.

“வராம இருப்பமாக்கா?” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கிளம்பும்போது ரமேஷ்குமார் என்னைத் தனியே அழைத்தார். “ஏன், நீங்களே ஆரம்பிக்கலாமே? ஐந்நூறு வாசகர் கையில இருக்காங்க.”

அப்படிப் பிறந்ததுதான் ‘கொல்லி மடல்’. நாலு பக்கம், பன்னிரண்டு பிரதி, ஜெராக்ஸ். முதல் இதழிலேயே அரைப் பக்கம் அரசு விளம்பரம், அதில் ஓர் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், அவர் காலடியில் பொடி எழுத்தில் நில அறிவிப்பு. காசு வந்தது. கழுத்தில் மாட்ட அடையாள அட்டையும் வந்தது.

அட்டையைப் பார்த்துவிட்டு ஊர் சும்மா இருக்குமா? அக்காவின் தங்கச்சி மகன் பிரேம், பைக் மெக்கானிக், ‘வளைவுச் செய்தி’ தொடங்கினான். முடிவெட்டும் கலைமணி ஒன்று. மகளிர் குழு நாகலட்சுமி ஒன்று. ஜீப் ஓட்டுகிற மாரப்பன் ஒன்று. முகமை பாரபட்சம் பார்க்காமல் எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தது. மூன்றே மாதத்தில் மலையில் நாற்பத்து மூன்று பத்திரிகைகள். மரவள்ளி ஏற்றுகிற லாரியிலும் பால் கேனிலும் ‘பிரஸ்’ என்று ஸ்டிக்கர். செக்போஸ்டில் வண்டியை நிறுத்துகிறவர் பார்த்தார், நிறுத்தவே வண்டி இல்லை, அவரும் ஒன்று தொடங்கினார்.

பாதிப் பக்கமாவது செய்தி இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. செய்திக்கு எங்கே போவது? ‘கொல்லிமலையில் மழை’ என்று நாற்பத்து மூன்றிலும் வந்தது. மழை பெய்யாத வாரத்தில் ‘மழை பெய்ய வாய்ப்பு’ என்று போட்டோம். அக்காவின் நிலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சோறு போடுகிற கையைக் கடிக்க வேண்டாம் என்று எங்களுக்கே தோன்றிவிட்டது.

கூட்ட நாள் வந்தது. ஏரிக்கரையில் பந்தல், நடுவில் கயிறு. ஒரு பக்கம் பொதுமக்கள்: மேலே தகரம், கீழே பெஞ்சு. மறு பக்கம் பத்திரிகையாளர்: மெத்தை நாற்காலி, மின்விசிறி, ஆளுக்கொரு பை, மட்டன் பிரியாணிக்கு டோக்கன்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை ஊர் மறக்கவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிட்டோம். வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம்.

பொதுமக்கள் பக்கத்தில் பெருமாயி அக்கா மட்டும் இருந்தார்.

“பொதுமக்கள் பேசலாம்,” என்றார் ரமேஷ்குமார் ஒலிபெருக்கியில்.

அக்கா எழுந்தார். “ஒவ்வொரு கொடியும் நான் இடுப்புல தண்ணி சொமந்து ஊத்துனதுங்க. அதை எடுத்துப்போட்டா நான் எங்க போவேன்? நான் சொன்னா எடுபடாது, ஊரையே கேளுங்க.” எங்கள் பக்கம் திரும்பினார். “பிரேம் கண்ணு, நீயாச்சும் சொல்லு சாமி.”

பிரேம் எழுந்துவிட்டான். நல்ல பையன்தான்.

“நீங்க பத்திரிகைங்களா?” என்றார் ரமேஷ்குமார். “பத்திரிகை நடுநிலையா இருக்கணும். கேள்வி கேக்கலாம், ஆட்சேபணை சொல்லக் கூடாது. சொல்லித்தான் ஆகணும்னா அட்டையைக் கழட்டி இந்த மேஜையில வெச்சுட்டு அந்தப் பக்கம் போய் உக்காருங்க.”

பிரேம் அட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியம்மாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் பைக்குள் பேனா இருக்கிறதா என்று தேடினோம்.

“மேடை எத்தனை அடி உயரமுங்க?” என்று கேட்டான் பிரேம்.

“பன்னிரண்டு அடி. நல்ல கேள்வி.”

எல்லாரும் எழுதிக்கொண்டோம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு அங்கேயே வாசிக்கப்பட்டது. ‘வந்தவர்கள் நாற்பத்து நான்கு. ஆட்சேபணை ஒன்று.’

“நீங்களும் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சிருக்கலாமேம்மா,” என்றார் ரமேஷ்குமார், பரிவாகத்தான்.

“எல்லாரும் ஆரம்பிச்சுட்டா அதைப் படிக்கறதுக்கு ஒரு ஆளு வேண்டாமுங்களா சாமி?” என்றார் அக்கா. “இந்த மலையில அதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.”

மேடை எழும்பியது. ஜனங்கள் அதன்மேல் நின்று உதட்டைக் குவிக்கிறார்கள். அக்கா துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குக் கீழே புளியஞ்சோலையில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஏறும் முன் என் கடைக்கு வந்து, “வாரேன் தம்பி” என்றார். ‘கொல்லி மடல்’ ஒன்று கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ரமேஷ்குமார் ஆண்டு ஆய்வுக்கு வந்தார். நாற்பத்து மூன்று பேரும் அட்டையோடு வரிசையில் நின்றோம்.

“எல்லாரும் பத்திரிகைன்னா வாசகர் யாருங்க?” என்றார்.

நான்தான் சொன்னேன்: “ஒருத்தங்க இருந்தாங்க. அவிங்களும் புளியஞ்சோலை போயிட்டாங்க.”

“பத்திரிகையோடவா போனாங்க?”

“ஆமாங்க.”

அவர் நோட்டைத் திறந்து எழுதினார்: ‘கொல்லிமலைப் பத்திரிகைகளின் வாசகர் பரப்பு சமவெளிக்கும் விரிவடைந்துள்ளது. விளம்பரக் கட்டணத்தை உயர்த்தப் பரிந்துரைக்கப்படுகிறது.’

நாங்கள் கைதட்டினோம்.