நான் ஒரு தோட்டத்தையே கேமரன் மலைக்கு அனுப்பிய கதை

தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. கேட்பவருக்கும் அது தெரியாது என்றால், நாம் சொன்னதுதான் அர்த்தம். இந்த வசதியை நம்பியே என் இளமையில் பாதியை ஓட்டிவிட்டேன். கோல சிலாங்கூரில் வைத்துத்தான் வண்டி குடை சாய்ந்தது.

அப்போது நான் ஷா ஆலமில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பருவநிலை மாறி, கடல் ஏறி வந்தால் கடலோர மக்களை என்ன செய்வது என்று மாநிலத்துக்கு ஒரு கொள்கை வரைவு எழுதும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. எழுதினால் மட்டும் போதாது. அங்கே குடியிருப்பவர்களிடம் விளக்கிச் சொல்லி, அவர்கள் சம்மதமா இல்லையா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

அப்படி விளக்க வேண்டிய இடங்களில் ஒன்று, அதே கோல சிலாங்கூரில் கடல் தடுப்புக் கரையை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பெருக்கு உயரும் நாட்களில் கடல் கரையைத் தாண்டி வந்து சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். என் அம்மாவின் தங்கை நாகம்மா சித்தி அங்கேதான் இருந்தார். ("எங்க அக்கா மவன் கவர்மெண்டுக்குச் சட்டம் எழுதித் தர்றான்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் போட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டிருந்தேன்.)

என் மேலதிகாரி புவான் (திருமதி) ரொஹானா ஒரு நாள் கேட்டார்: "குமார், நீ தமிழில் மொழிபெயர்ப்பாய்தானே?"

"நன்றாகவே" என்றேன். படித்துவிட்டு வா என்று வரைவைக் கையில் கொடுத்தார். அட்டையைப் படித்தேன். அட்டை அழகாக இருந்தது.

கூட்டத்தன்று புவான் ரொஹானா பக்கத்து மலாய்க் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போனார். அதை முடித்துவிட்டு இங்கே வருவதாக ஏற்பாடு. தோட்டத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், நானும் மிஸ்டர் யானும். மிஸ்டர் யான் ஹாலந்துக்காரர், கடல் நிபுணர், பனைமரத்தில் பாதி உயரம், ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவார். ஆங்கிலம் தெரிந்த இளவட்டங்கள் எல்லாம் பேக்டரி வேலைக்குப் போயிருந்தார்கள். டேவானில் பெரியவர்கள்தான். முன் வரிசையில் சித்தி, பட்டுப்புடவையில். தலைமையேற்க வந்தவர் போல இருந்தார்.

ஆரம்பம் பிரமாதம். கடல் மட்டம் உயர்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம்.

"அது தெரியும் தம்பி. காலையில எழுந்தா செருப்பு மிதக்குது. அடுத்தத சொல்லு" என்றார் கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன்.

அடுத்த படம் திரையில் வந்தது. கொட்டை எழுத்தில் 'மேனேஜ்ட் ரிட்ரீட்' என்று இருந்தது. இதுதான் முக்கியமான பரிந்துரை என்றார் மிஸ்டர் யான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் நிறுவனம் ஊழியர்களை எல்லாம் கேமரன் மலைக்கு ரிட்ரீட் அழைத்துப் போயிருந்தது. நல்ல ஹோட்டல், மூன்று வேளையும் பஃபே, கயிறு இழுக்கும் போட்டி, திரும்பும்போது ஆளுக்கொரு டப்பா ஸ்ட்ராபெரி. ஆகவே ரிட்ரீட் என்றால் என்ன என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. மேனேஜ்ட் என்றால் யாரோ ஏற்பாடு செய்வது. யார்? அரசாங்கம்தான். கடலோரத்தில் அவதிப்படும் மக்களுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா?

"உங்க எல்லாரையும் அரசாங்கமே செலவு பண்ணி ஓய்வுக்குக் கூட்டிக்கிட்டுப் போகப் போகுது" என்றேன்.

டேவான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எங்கடா?" என்றார் சித்தி.

நான் மிஸ்டர் யானிடம் கேட்டேன். கடலிலிருந்து தள்ளி, மேடான நிலத்துக்கு என்றார் அவர்.

"மலைப்பக்கம்" என்றேன்.

"கேமரனா?"

"அப்படித்தான் இருக்கும். ஸ்ட்ராபெரியெல்லாம் உண்டு."

முதியவர்கள், நோயாளிகள் உள்ள குடும்பங்களுக்கு முதலிடம் என்றார் மிஸ்டர் யான். அதை அப்படியே சொன்னேன். அதுவரை வாலிபன் மாதிரி உட்கார்ந்திருந்த முனியாண்டி அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார். காலியாகும் இடத்தில் அலையாத்தி மரங்கள் நடப்படும் என்றார் மிஸ்டர் யான். "நீங்க ஊருல இல்லாத நேரத்துல வீட்டச் சுத்தி மரம் நட்டு வைப்பாங்களாம்" என்றேன்.

"நாங்க இல்லன்னா கோயில்ல வெளக்கு யாரு போடுறது?" என்றார் முனியாண்டி அண்ணன். நியாயமான கேள்வி. கோயிலும் உரிய மரியாதையோடு உங்களுடனேயே வரும் என்று மிஸ்டர் யான் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"சாமியையும் கூட்டிக்கிட்டுப் போகலாமாம்."

"சாமிக்கும் சேத்தா ரிட்ரீட்டு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் சாமியை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷம்.

கடைசியாகச் சித்தி கேட்டார்: "போனா எப்ப திரும்பி வருவோம்னு கேளு. கோழி இருக்குல்ல."

மிஸ்டர் யான் முகம் கனத்தது. "அவர்கள் திரும்பி வர மாட்டார்கள்" என்றார் மெதுவாக. "அதுதான் இதில் கஷ்டமான விஷயம்."

ஒரு கணம் எனக்கே இது இடித்தது உண்மை. புத்திசாலியாக இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். நான் மொழிபெயர்ப்பாளன். சொன்னேன்:

"போனா திரும்பி வர மனசே வராதாம்."

சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. சித்தி இரண்டு கைகளையும் தூக்கினார். (ஒன்று சித்தப்பாவுக்காக. அவர் வேலைக்குப் போயிருந்தார்.) மிஸ்டர் யான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு நாடுகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே நாற்காலி பறக்குமாம். இவ்வளவு பக்குவப்பட்ட மக்களை அவர் எங்குமே கண்டதில்லையாம்.

அந்த நேரம் பார்த்து புவான் ரொஹானா உள்ளே வந்தார். உயர்ந்த கைகளைப் பார்த்து அவருக்குப் பெரும் மகிழ்ச்சி. மலாயில் கேட்டார்:

"ஜாடி, செமுவா செதுஜு பிண்டா ரூமா?" (ஆக, எல்லாருக்கும் வீடு மாறச் சம்மதம்?)

மலாய் அங்கே எல்லாருக்கும் தண்ணீர் பட்ட பாடு. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"குமாரு" என்றார் சித்தி. மிகவும் அமைதியாகத்தான் கூப்பிட்டார். "கேமரன் போறதுக்கு எதுக்குடா ரூமா பிண்டா பண்ணணும்?"

வரைவை அப்போதுதான் திறந்தேன். கடலுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்து, குடியிருப்பை நிரந்தரமாக உள்ளே நகர்த்துவது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. வாசித்து, தமிழில் சொன்னேன். அன்று நான் செய்த முதல் சரியான மொழிபெயர்ப்பு அதுதான். அதைச் செய்யும்போது சித்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது அவர் வீடும்தான்.

முனியாண்டி அண்ணன் முட்டி வலி நீங்கி எழுந்து நின்றார். "ஏற்கனவே ஒரு தடவ எங்க பழைய தோட்டத்த வித்துட்டு, வீடு தர்றோம்னு சொல்லித்தான் இங்க கொண்டாந்து விட்டாங்க. இன்னொரு தடவயா?"

சித்தி அவரைக் கையமர்த்தினார். "தண்ணி வருது, போய்த்தான் ஆகணும். அது வேற. எங்க யாருக்கும் கிராண்ட் கெடயாது. நெலம் எங்க பேருல இல்ல. இல்லாதவங்களுக்கு அந்த ரிட்ரீட்ல எடம் உண்டான்னு அந்த அம்மாவக் கேளு. ஸ்ட்ராபெரியச் சேக்காம கேளு."

கேட்டேன். புவான் ரொஹானா பக்கங்களைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். பதிவு பெற்ற உரிமையாளர்கள் என்று மட்டும்தான் இருந்தது. மிஸ்டர் யான் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். முதலிலிருந்து சொன்னேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தடவை துடைக்கவில்லை.

அந்தச் சம்மதத்தைப் பதிவிலிருந்து அடித்தார்கள். திரும்பும் வழியில் புஞ்சாக் ஆலம் வரை புவான் ரொஹானா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "ஸ்ட்ராபெரி கூடவா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் நான் வரைவு முழுவதையும் தமிழில் வாசித்தேன். தண்டனை அதுதான். கிராண்ட் இல்லாமல் குடியிருப்பவர்களும் கணக்கில் வர வேண்டும், மாற்று வீடு கட்டி முடிந்த பிறகே பழைய வீட்டைத் தொட வேண்டும் என்று தோட்டத்து மக்கள் கேட்டார்கள். இரண்டும் வரைவில் ஏறின. இதில் என் பங்கும் உண்டு என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வரைவு இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது. லயமும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் இப்போது வீடு மாறுவதில்லை, மாற்றலாகிப் போவதில்லை, மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவதுமில்லை. எல்லாரும் ரிட்ரீட்தான் போகிறார்கள்.

போன மழைக்காலத்தில் கடல் மறுபடியும் கரையைத் தாண்டியது என்று கேள்விப்பட்டு, பதறிப்போய்ச் சித்திக்குப் போன் செய்தேன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம், பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"சித்தி, எங்க இருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்து டேவான்ல. ரிட்ரீட்டுலதாண்டா இருக்கோம். சாப்பாடு பரவால்ல லா" என்றார் சித்தி. "மேனேஜ் பண்ற ஆளத்தான் இன்னும் காணோம்."