எட்டு விநாடித் தற்காப்பு

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவனுக்கு உலகில் எதையும் தடுக்கத் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. மலேசியாவின் ஈப்போவில் ஓர் அலுவலகத்தின் உரிமப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் ஓர் இணைப்பு குறைகிறது என்பேன். (குறையாவிட்டால், நகல் தெளிவாக இல்லை.)

ஓய்வுக்குப் பின் இந்தத் திறமை சும்மா கிடந்தது. என் மகள் கவிதாவின் கல்யாணப் பேச்சில்தான் அதற்கு மறுபடி வேலை வந்தது. மாப்பிள்ளை சுரேன் கமுந்திங் ஊர்க்காரர். பெண் ஊரில்தான் கல்யாணம், அதாவது ஈப்போவில், என்றேன் நான். மாப்பிள்ளை ஊரில்தான் என்றார் அவருடைய அம்மா ராஜேஸ்வரி. இரண்டு மாதம் இழுத்தது. நானோ ஓய்வூதியர் சங்கத்தில் எல்லாரிடமும் ஈப்போ என்று சொல்லி, யார் எந்த வரிசையில் உட்காருவது என்று படமே வரைந்துவிட்டேன்.

கடைசியில் சுரேன் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்க மாட்டீங்க. எங்க வீட்டுக்கு வந்து டிவியில ஃபைட்டிங் கேம் ஆடுங்க லா. மூணு சுத்து. யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க ஊரு."

சம்பந்தியம்மா உடனே சரி என்றார். நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த இரண்டு வாரத்தில் தற்காப்புக்கென்றே பதினாறு பக்கக் கையேடு எழுதினேன். மேலே அடி வந்தால் நின்று தடு. காலுக்கு வந்தால் குனிந்து தடு. பிடித்துத் தூக்க வந்தால் அந்தக் கணமே உதறு. எதிரியின் பெரிய அடி வீணானால், அந்த இடைவெளியில் ஒரு குத்து. நேரம் முடியும்போது, அடிபட அடிபடக் குறுகும் உயிர்க்கோடு யாருடையது நீளமோ அவருக்கே வெற்றி என்ற விதியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அடிக்காமலே ஜெயிக்கக்கூடிய சண்டை. எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

தினமும் என்னோடு ஆடிப் பழக்கிய கவிதாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. "இடைவெளி வந்துச்சே, ஏன்பா அடிக்கல?"

"உண்மையிலேயே இடைவெளிதானான்னு சரிபார்த்தேன்."

"அதுக்குள்ள அவன் எந்திரிச்சு வந்துட்டான் பா."

சம்பந்தியம்மா தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும் லைனில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தியவர். ஆட்ட நாளன்று, "எது உதை, சுரேன்? இதா? சரி, இது ஒண்ணு போதும்" என்று ஆரம்பித்தார். ஒரே உதை, ஒரே தாளம். முதல் சுற்றில் அத்தனையையும் தடுத்து, ஒரே ஒரு குத்து விட்டு, நேரம் முடிந்து ஜெயித்தேன்.

"என்ன அண்ணே, கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கீங்க?" என்றார்.

இரண்டாம் சுற்றில் அவர் விரல் தவறிப் போய்ப் பிடித்துத் தூக்கும் பொத்தானில் விழுந்தது. அதற்கான பதில் என் கையேட்டில் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் நினைவுக்கு வருவதற்குள் என்னை ஐந்து முறை தூக்கிப் போட்டுவிட்டார்.

மூன்றாம் சுற்றில் என் உயிர்க்கோடு நீளம். மீதி எட்டு விநாடி. தடுக்கும் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் கல்யாணம் ஈப்போவில்.

அப்போதுதான் சம்பந்தியம்மாவின் கணவர் மாரிமுத்து, நாங்கள் வந்ததிலிருந்து வாயே திறக்காதவர், எனக்கும் திரைக்கும் நடுவில் ஒரு தட்டோடு குனிந்தார்.

"அண்ணே, டீ எடுத்துக்குங்க."

சம்பந்தி வீட்டில் முதல் உபசாரம். வேண்டாம் என்பது அவமரியாதை. ஒற்றைக் கையால் வாங்குவது அதைவிட மோசம். பொத்தான் கருவியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கினேன். (நன்றியும் சொன்னேன்.)

திரையில் என் வீரன், மதிய இடைவேளைக்குக் கிளம்பிய குமாஸ்தா மாதிரி கையைத் தொங்கவிட்டு நின்றான். சம்பந்தியம்மா தலை நிமிரவில்லை. ஏழு உதை.

"அம்மா மெனாங்" என்று வெற்றியை அறிவித்தார் சுரேன். கவிதா முகத்தை மூடிக்கொண்டாள்.

"உபசாரம் நடக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி வைக்கணும். அதுதான் முறை" என்றேன் நான், கோப்பையும் கையுமாக.

"லைன் ஓடுறப்போ யாரு அண்ணே டீ குடிப்பா?" என்றார் அவர்.

கல்யாணம் கமுந்திங்கில் நடந்தது. சங்கத்தார் எல்லாரும் பேருந்து பிடித்து வந்து, கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். பந்தி முடிந்ததும் மாரிமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டேன். "உண்மையச் சொல்லுங்க சம்பந்தி. அன்னைக்கு அந்த டீ..."

"சீனி பத்தலையா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்காவது நான் மறுக்கக்கூடிய காரியம் ஏதாவது ஆக வேண்டுமென்றால், பேச்சுக்கு முன்னால் தேநீர் வருகிறது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தே இரண்டு கைகளையும் நீட்டுகிறேன்.