நாற்பத்தேழாம் நம்பர்

“நாப்பத்தேழாம் நம்பர் யாரு?” என்று சட்டத்தரணி நூருல் இனாயா கேட்டதும் கணக்கப்பிள்ளை சுரேஸ் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

இருவரும் பதுளை நீதிமன்ற வாசலில் நின்றிருந்தார்கள். நடுவில் செக்ரோல், அதாவது தோட்டத்து வருகைப் பதிவு. மார்ச் பன்னிரண்டாம் திகதி காலை, தோட்டத்துரையின் பங்களாவில் தண்ணீர் மோட்டார் களவுபோன நேரம், தினேஸ் மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தான் என்பதற்கு இருந்த ஒரே எழுத்து அதுதான். தினேஸ் சுரேசின் தங்கை மகன். அடுத்த மாதம் சுரேசின் மகள் மதுஷாவுக்குத் தாலி கட்டப்போகிறவன். இன்றைக்கு இந்தக் களவு வழக்கில் தப்பாவிட்டால் மணவறைக்குப் பதில் மறியற்சாலை.

“பாக்கியலெட்சுமிங்க, மிஸ்.”

“பத்தொம்பது கிலோ எடுத்திருக்காங்க. நல்ல கை. அவங்களயும் சாட்சிக்குக் கூப்பிடலாமே?”

“முடியாதுங்க. அவங்க மார்ச் நாலாந்திகதி செத்துட்டாங்க.”

நூருல் இனாயா பேனாவை மூடினார்.

“பழைய ரோலப் பாத்துப் பேர எழுதிட்டேன், தவறிப்போச்சுன்னு சொல்லிர்றேங்க.”

“பேரு பழக்கத்தில வரும். கிலோ எப்பிடி வந்திச்சு? ஒரு வரி பொய்யின்டா தினேஸ்ட வரியும் பொய்யின்டு சொல்லுவாங்க. அவன் மலையில இருந்தான்டு காட்டுற பொறுப்பு நம்மட தலையில.”

“அப்ப அந்த வரிய வெட்டிரட்டுங்களா?”

“பிரதி பொலிஸ்கிட்ட இருக்கு. வெட்டினா நீங்களும் அவனோட உள்ளுக்குத்தான். கண்ணால கண்டத மட்டும் சொல்லுங்க.”

சிக்கலே அதில்தான். சுரேஸ் எதையும் காணவில்லை. அன்றைக்கு மலை முழுக்கப் பனிமூட்டம். தராசில் கொழுந்தைத் தொங்கவிட்டு அவரவர் நம்பரையும் எடையையும் சொல்ல, குடைக்குள் குனிந்தபடி எழுதினார். நிமிர்ந்து முகம் பார்க்கும் சிரமத்தை அவர் பதினெட்டு வருடமாகப் பட்டதில்லை. இப்போது யோசித்தால், “நாப்பத்தேழு” என்பதற்கு முன் ஒரு சின்ன இருமல் கேட்டது. பாக்கியலெட்சுமிக்கு அந்த இருமல் உண்டு.

சுரேஸ் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பலீல் நலம் விசாரிப்பவர் மாதிரிதான் ஆரம்பித்தார்.

“தினேஸ் வந்தத நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?”

“நம்பர் சொன்னது கேட்டுச்சுங்க.”

“நம்பர யாரும் சொல்லலாமே. ஆளப் பாத்தீங்களா?”

பின்வரிசையில் மதுஷா மூக்கை உறிஞ்சினாள். பெற்ற மனம் சும்மா இருக்குமா?

“பாத்தேங்க. எல்லாரையும் பாத்துத்தான் எழுதினேன்.”

“எல்லாரையும்?”

“எல்லாரையுங்க.”

“பாக்கியலெட்சுமியையும்?”

மன்றம் சிரித்தது. பலீல் மரணச் சான்றிதழை உயர்த்திக் காட்டினார். இல்லை என்றால் தினேஸ் உள்ளே போய்விடுவான். ஆமாம் என்றால் மானம் போய்விடும். மகளுக்காக மானத்தை விட்டார் சுரேஸ்.

“ஆமாங்க.”

“அவங்க சாவுக்குப் போனீங்களா?”

“குழியில மண்ணே போட்டேங்க.”

“சரி. எட்டு நாள் கழிச்சு மலைக்கு வந்தவங்க எப்பிடி இருந்தாங்க?”

“நனைஞ்சிருந்தாங்க.”

அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள். பலீல் அடுத்த கேள்வியை மறந்தவராகத் தாளைப் புரட்டினார்.

நீதவான் மட்டும் அசையவில்லை. பொய்ச்சாட்சிக்கு என்ன தண்டனை தெரியுமா என்று கேட்டு, சுரேசை அங்கேயே ஒரு பக்கமாக உட்காரச் சொன்னார். வாசலில் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார்.

மிச்சமிருந்த சாட்சி செவனம்மா ஒருவர்தான். தினேசுக்கும் பாக்கியலெட்சுமிக்கும் நடு நிரையில் கொழுந்து எடுப்பவர். “தினேஸ் வந்தான்னு சொல்லு, பாக்கியம் வரலன்னு சொல்லு, போதும்” என்று சுரேஸ் காலையில் பஸ்ஸில் அவருக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். செவனம்மா அப்போது ஜன்னல் வழியே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கூண்டில் ஏறி, கம்பியை இறுகப் பிடித்தபடி சத்தியம் செய்தார்.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் நூருல் இனாயா. “கண்ணால கண்டத மட்டும் சொல்லுங்க. அன்டைக்கு உங்களுக்கு ரெண்டு பக்கமும் யார் நின்டாங்க?”

செவனம்மா சுரேசைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நீதவானைக் கும்பிட்டார்.

“கணக்கப்பிள்ளைய ஏசாதீங்கய்யா, பாக்கியம் அக்கா வந்தாங்கதான், இந்தத் தினேசுதான் அன்னைக்கு மலைக்கு வரல.”