பதினேழாம் எண் வரவில்லை

"பதினேழு!" என்று கூப்பிட்டுவிட்டுச் சோபாக்காரர் தலையை நிமிர்த்தினார்.

வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? திறக்க வேண்டிய வாய் அவருடையது.

"பதினேழு வரலை சார்," என்றார் முதல் பெஞ்சு நர்ஸம்மா.

"வரலையா?"

"காணோம் சார்."

சோபாக்காரர் தன் எண்ணுக்கு நேரே தன் கையாலேயே ஆப்சென்ட் போட்டார்.

வேலைக்குப் போகிறவர்கள் பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிப்பதற்காக நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. சோபாக்காரர் அதில் ஒரு மாணவர். பத்து நிமிஷத்துக்கு முன்புவரை மாணவராகத்தான் இருந்தார்.

மரச்சாமான் கடையில் மேற்பார்வை வேலை. ஊரில் பாதிப் பேர் அவர் காட்டிய சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் வந்த பெயர். அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பட்டமும் அதுதான். பி.ஏ. கடைசி வருஷம் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர், தலையில் முடியெல்லாம் கொட்டிய பிறகுதான் திரும்பி வருகிறார். இவ்வளவு பழைய மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது இதுவே கடைசித் தடவை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இதைவிட்டால் பி.ஏ. கிடையாது.

அன்றைக்கு மனைவி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மூக்கில் கண்ணாடி சகிதம் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் படித்த அதே அறை. ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சு. கால் ஒன்று குட்டையாக இருப்பதால் ஆடும் பெஞ்சு. நண்பர்கள் மூன்று பேர் அதில் உட்கார்ந்து சிரித்தால் பெஞ்சும் சேர்ந்து சிரிக்கும். ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். இன்னொருவன் பாடம் நடக்கும்போதே வாத்தியாரின் மீசையை வரைவான். தூங்கியவன் கடல் தாண்டிப் போய்விட்டான். மீசை வரைந்தவன் போன வருஷம் போயே போய்விட்டான். சோபாக்காரருக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பாடம் கேட்டால் போதும் போலிருந்தது.

அங்கிருந்து கரும்பலகையைப் பார்த்தார். யாரோ எழுதிய பழைய கணக்கு அழியாமல் கிடந்தது. மேடையேறித் துடைத்தார். தெரியாமல் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"வணக்கம் சார்!"

திரும்பினார். நர்ஸம்மா, பஸ் டிரைவர், தையல்கடைக்காரர், இன்னும் ஒரு கூட்டம், அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். "ஐயோ, நான் வாத்தியார் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பியூன் வந்து வருகைப் பதிவேட்டை அவர் கையில் திணித்தார்.

"சீக்கிரம் எடுத்துக் குடுங்க சார்."

உண்மையைச் சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அவருக்காக யாரும் அதுவரை எழுந்து நின்றதே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கால்மேல் கால் போட்டு உட்காருவார்கள், இவர்தான் நிற்பார். கொஞ்சம் ருசித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்தவர் பதினேழாம் எண்ணில் வந்து மாட்டிக்கொண்டார்.

கதவருகே நனைந்த குடையோடு ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். முப்பது வயதிருக்கும். "சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"முதல் நாளே லேட்டா வந்தா எப்படிம்மா? போய் உட்காருங்க," என்றது சோபாக்காரரின் வாய். அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில், பஸ் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது பெஞ்சு முழுவதும் பஸ் டிரைவர்தான் நிறைந்திருந்தார்.

அடுத்த வாரம் சோபாக்காரர் ஒரு முடிவோடு வந்தார். மேடைப் பக்கமே போகாமல் நேராக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பார்க்கிறவர்களுக்கே புரிந்துவிடும் அல்லவா?

பஸ் டிரைவர் வந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, நம்மளோட நம்மளா வந்து உட்கார்ந்திருக்காரு. இப்படி ஒரு வாத்தியார் கிடைச்சிருந்தா நான் அன்னிக்கே படிச்சு முடிச்சிருப்பேன்."

அவர் மேடையேறும்வரை ஒருவரும் உட்கார மாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். ஏறினார். தொழிற்புரட்சி பாடம். தெரிந்ததெல்லாம் நாற்காலி. தச்சர் ஒரு நாற்காலி செய்வதற்கும் தொழிற்சாலை ஆயிரம் நாற்காலி செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று வெளுத்து வாங்கினார். அதற்குமேல் வண்டி நகரவில்லை.

"நீராவி இயந்திரம் வந்ததும் வேலை வீட்டை விட்டு ஆலைக்குப் போயிடுச்சுன்னு சொல்ல வர்றீங்களா சார்?" என்று கேட்டாள் குடைக்காரப் பெண்.

"ஆமா, அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அதனால நகரங்கள் பெருத்துப்போச்சு. இல்லையா சார்?"

"அதேதான்மா. நல்லா கவனிக்கிறீங்க."

பதினேழாம் எண் மறுபடியும் வரவில்லை. முதல் மூன்று வகுப்புக்கும் வராதவர் பரீட்சை எழுத முடியாது என்பது விதி. சோபாக்காரர் மூன்றாவது வாரம் ஒரு யுக்தி செய்தார்.

"பதினேழுக்கு உடம்பு சரியில்லையாம். தகவல் வந்தது. பாவம், ஆப்சென்ட் போட வேண்டாம்னு பார்க்கிறேன்."

"அடடா!" என்றார் நர்ஸம்மா. "என்ன உடம்பு? நான் போய்ப் பார்க்கிறேன் சார்."

"எல்லாருமே போவோம்," என்றார் பஸ் டிரைவர். "வண்டி நான் எடுத்துட்டு வர்றேன். வீடு எங்க சார்?"

தையல்கடைக்காரர் பழம் வாங்கக் கிளம்பியே விட்டார். "வேணாம், வேணாம், இப்பத் தேவலையாம்!" என்று சோபாக்காரர் கத்த வேண்டியதாயிற்று.

"தேவலைன்னா ஏன் சார் வரலை?"

சோபாக்காரர் பேனாவைத் திறந்தார். ஆப்சென்ட் விழுந்தது.

அதோடு பதினேழாம் எண்மேல் வகுப்புக்கே கோபம் வந்துவிட்டது. "நாங்க நைட் டியூட்டி முடிச்சுட்டு நேரா வர்றோம். அந்தாளு நல்லாத் தூங்கறாரு," என்று பொருமினார் நர்ஸம்மா. "நீங்க ரொம்ப இளகின மனசு சார். நாங்களே சொல்லிடறோம்." சொன்னபடி ஆபீசில் போய்ப் புகாரும் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, சோபாக்காரர் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சு. பதினேழாம் நம்பர் மாணவர் ஒரு கிளாசுக்கும் வரலையாம்."

"அது வந்து..."

"ஞாயித்துக்கிழமையானா குளிச்சு, சென்ட் அடிச்சுக்கிட்டு எங்கே போறீங்க?"

"காலேஜுக்குத்தான்."

"அவங்க வரலைங்கறாங்களே! பெரியவங்க யாரையாவது கூட்டிக்கிட்டு வரணுமாம். நான் வர்றேன். இந்த வயசுல உங்களுக்குப் பெரியவங்கன்னு இருக்கிறது நான்தான்."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"அங்க வந்து கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் பின்தொடர, தூக்குமேடைக்குப் போகிறவரைப்போல வகுப்புக்குள் நுழைந்தார். வகுப்பு எழுந்து நின்றது.

"வணக்கம் சார்!"

மனைவி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "இவரையா சார்ங்கறீங்க?"

"ஆமாம்மா. உங்களுக்குச் சாரை முன்னாடியே தெரியுமா?" என்றார் பஸ் டிரைவர்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து தெரியும்."

இந்த நேரம் பார்த்துத்தானா கல்லூரி முதல்வர் வர வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், புகாரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "யாருங்க அந்தப் பதினேழு?" என்று வாசலிலிருந்தே அதட்டினார்.

சோபாக்காரர் மேடையிலிருந்து இறங்கினார். கால் தானாக மூன்றாவது பெஞ்சுக்குப் போயிற்று. பஸ் டிரைவர் ஒன்றும் புரியாமல் நகர்ந்து இடம் கொடுத்தார். பெஞ்சு ஒரு தடவை ஆடியது.

"நான்தான் சார் பதினேழு," என்றார். "நான் வாத்தியார் இல்ல. சோபா விக்கிறவன். இந்த இடத்துல உட்கார்ந்து படிக்கணும்னுதான் வந்தேன். முதல் நாள் எல்லாரும் எழுந்து நின்னாங்க. எனக்குச் சொல்ல மனசு வரலை. அப்புறம் சொல்ல முடியலை."

நர்ஸம்மாவின் வாய் பிளந்தது. மனைவி அவரையே பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்க கதை எனக்குப் புரியுது," என்றார் முதல்வர். அவர் குரலும் இறங்கியிருந்தது. "ஆனா பதிவேட்டுல நீங்க வந்ததா ஒரு நாள்கூட இல்லையே. மத்தவங்க சொல்லிப் பிரயோஜனமில்ல. வகுப்பு ஆசிரியர் சொன்னாத்தான் நான் மாத்த முடியும். அவங்களை நான் எங்கே போய்த் தேடறது? உங்களைப் பரீட்சை எழுத விட முடியாதுங்க."

சோபாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் தடவையும் அதே கடைசி வருஷம், அதே பெஞ்சு.

பஸ் டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து குடைக்காரப் பெண் மெல்ல எழுந்தாள்.

"அவர் ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல சார். நான்தானே இந்த வகுப்புக்கு வாத்தியார், எனக்குத் தெரியாதா?"