சொந்தக் கிளை

மூக்குக்கண்ணாடி போட்ட பெண்மணி இன்றைக்கும் நடைமேடையில் நின்று நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அட்டவணைக்காரர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார் நடைமேடையைப் பெருக்குகிறவர். தூக்கினார்.

நகர ரயிலில் எந்த வண்டி எப்போது எங்கே போகும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. நடுச் சந்திப்பு வரை ஒரே பாதை. அதற்கப்புறம் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கிளை. காலை நெரிசலில் கிளைக்கு எட்டு வண்டி. அவர் குடியிருப்பது கிழக்கில், இந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அட்டவணைப் பிரிவில் யாரோ தன் வீட்டுப் பக்கமே வண்டியைத் திருப்பிக்கொள்வதாகப் புகாராம், ஆள் போட்டுக் கண்காணிக்கிறார்களாம் என்று பக்கத்து மேஜைக்காரர் காதைக் கடித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஓய்வு பெற நாலே மாதம். முப்பது வருஷம் கட்டிக்காத்த பெயர்.

அந்தப் பெண்மணிதான் ஆள். நெரிசலில் கசங்கப்போகிற பயணிகள் அவளிடம் குமுறுகிறார்கள், அவரை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள், அவள் எழுதிக்கொள்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தன் கை சுத்தம் என்று காட்ட, கிழக்கிலிருந்து ஒரு வண்டியை எடுத்து மேற்குக்குக் கொடுத்தார். மறுநாள் அவள் இரண்டு பக்கம் எழுதினாள். போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றையும் கொடுத்தார். அவள் புது நோட்டே வாங்கிவிட்டாள். மூன்றாவதையும் தாரை வார்த்தார்.

எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான மனைவி, தினமும் தாமதமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வண்டி விடுற மனுஷன், கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வண்டி விடமாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டதோடு சரி. அப்புறம் பேச்சே இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ போனில் குசுகுசுத்தாள். அவளையும் விசாரிக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார்.

இனித் தாங்காது. பெஞ்சை விட்டு எழுந்தார். ஒரு மாதமாக அந்த ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் விலகி வழிவிட்டார்.

"நல்லா எழுதிக்கங்கம்மா. என் சொந்தக் கிளையிலயே மூணு வண்டியை வெட்டி மேற்குக்குக் குடுத்தவன் நான்."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. "தெரியும் சார், நீங்க நல்லா இருக்கணும். நான் வீட்டுத் தரகர். வீடு மாத்த நினைக்கிறவங்க பேரைத்தான் எழுதிக்கிறேன். நீங்க வண்டியைத் திருப்பினதிலேர்ந்து அத்தனை பேரும் மேற்குலதான் கேக்குறாங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க வீட்டம்மாகூட நேத்து விலை பேசி முடிச்சிட்டாங்களே. மேற்கு ஸ்டேஷனுக்கு நேர் எதிர் வீடு. சொல்லலையா?"

சிரிப்பு பாதியில் நின்றது. முதுகுக்குப் பின்னால் துடைப்பச் சத்தமும் நின்றது. பெருக்குகிறவர் துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார்.

"அந்த வீட்டைப் பார்த்தது மொத வண்டியைத் திருப்புறதுக்கு முன்னாடியா சார், அப்புறமா?"